கருவண்டுக்கு ஒரு கட்டை

ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் நம் பிள்ளைகள் பார்க்கும் ஒரு வண்டு இருக்கிறது. உடம்பு முழுக்க ரோமம். கறுப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை. பஞ்சு உருண்டைக்கு இறக்கை கட்டி விட்டாற்போல் இருக்கும். அது குளிர்நாட்டுப் பிராணி. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் இமயமலைச் சாரலிலும் அதற்குக் குறைவில்லை. அந்த ஊர்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதற்கென்றே பூச்செடி வைக்கிறார்கள். இன்றைக்கு எத்தனை வந்தது என்று எண்ணிக் குறித்தும் வைக்கிறார்கள். நம் ஜொகூர் வெயிலில் அந்த வண்டுக்காக வாசலில் தவம் கிடந்தாலும் அது வரப்போவதில்லை.

அதற்காக நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. அந்த வண்டு அங்கே செய்கிற வேலையை இங்கே செய்ய நமக்கென்று ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுப் பயற்றங்கொடியில், பாகற்பந்தலில், முருங்கைப் பூவில் காலை நேரத்தில் 'ங்ஙொய்' என்று கனத்த குரலில் பாடிக்கொண்டு சுற்றுமே, அதேதான். கருவண்டு என்போம். எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக் 'கும்பாங் காயு' என்பார். மர வண்டு என்று அர்த்தம். படித்தவர்கள் தச்சுத் தேனீ என்கிறார்கள். காய்ந்த மரத்தைக் குடைந்து வீடு கட்டுவதால் அந்தப் பெயர். பார்வைக்கு வண்டு போலிருந்தாலும் இனத்தில் அது தேனீதான்.

பழந்தமிழர் இதற்கு இன்னும் அழகாகத் தும்பி என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று தட்டானையும் தும்பி என்கிறோம். ஆனால் பழம்பாட்டுகளில் வரும் தும்பி, பூப்பூவாய்ப் போய்த் தேன் குடிக்கும் வண்டு. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமிக்குச் சிவபெருமான் எழுதிக் கொடுக்கும் பாட்டு நினைவிருக்கிறதா? குறுந்தொகையில் இரண்டாம் பாட்டு அது. ஒரு பெண்ணின் கூந்தல் மணத்தைப் பற்றி யாரைக் கேட்டால் உண்மை தெரியும் என்று யோசித்து, தும்பியைத்தான் கேட்கிறான் அந்தத் தலைவன். பூக்களின் சமாச்சாரம் அதைவிட யாருக்குத் தெரியும்? நாகேஷைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தத் தும்பியை நாம் மறந்துவிட்டோம். வாசலில் வந்தால் விளக்குமாற்றை எடுக்கிறோம்.

எங்கள் வீடு குளுவாங் பக்கத்தில் ஒரு தாமானில், கடைசி வரிசையில் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆனாலும் மண்ணில் கை வைக்காமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் வரை கத்தரி, வெண்டை, பயற்றங்காய், பாகல், ஒரு முருங்கை, வேலியில் மார்க்கிசா கொடி. அதிகம் இல்லை. ஆனால் காலையில் ஏழரை மணிக்கு அங்கே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தால் வேடிக்கைக்குப் பஞ்சமில்லை.

என் தோட்டத்துக்கு வருகிறவை இரண்டு வகை. ஒன்று பெரியது. கட்டைவிரல் அளவு, உடம்பு கன்னங்கறேல் என்று இருக்கும். வெயில் பட்டால் இறக்கை மட்டும் மயில் கழுத்துபோல நீலமும் ஊதாவுமாய் மின்னும். உலகத்தில் இருக்கும் மிகப் பெரிய தேனீக்களில் இது ஒன்று. இதன் ஆணுக்கு முன்கால்கள் அகன்று மயிர் அடர்ந்திருக்கும். இரண்டாவது வகை கொஞ்சம் சிறியது. பெண்ணுக்கு உடம்பு கறுப்பு. முதுகில் மட்டும் மஞ்சள் கம்பளி போர்த்தினாற்போல் இருக்கும். ஆணுக்கோ உடம்பெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். அந்த ஆண் ஒரே இடத்தில் ஆகாயத்தில் நின்றபடி, வருகிறவர் போகிறவர் மூஞ்சிக்கு நேரே வந்து முறைத்துப் பார்க்கும். நம் தெருச் சண்டியர் மாதிரிதான், சத்தமும் முறைப்பும் மட்டுமே. ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, கையால் பிடித்து நசுக்கினால் நன்றாகவே கொட்டும். தானாகத் துரத்தி வந்து கொட்டுவதில்லை.

இது கத்தரிப் பூவில் செய்யும் வேலையைக் கட்டாயம் ஒரு தரம் பார்க்க வேண்டும். கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் சுலபத்தில் கிடைக்காது. பூவின் நடுவே மஞ்சளாய் நிற்கும் குழல்களுக்குள்ளே தூள் அடைபட்டிருக்கும். குழலின் நுனியில் ஊசி குத்தினாற்போல் ஒரு சின்ன ஓட்டை, உப்புக் குடுவையின் மூடிபோல. உப்பு விழ வேண்டுமானால் குடுவையைக் குலுக்க வேண்டுமல்லவா? கருவண்டு அதைத்தான் செய்கிறது. பூவைக் காலால் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் நடுங்க வைக்கிறது. அப்போது அதன் குரல் மாறும். பறக்கும்போது கேட்கிற 'ங்ஙொய்' நின்று, 'ட்ஸ்ஸ்' என்று கீச்சுக் குரல் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரிந்துவிடும், வண்டு பூவுக்குள் இருக்கிறதென்று. தூள் அதன் வயிற்றில் கொட்டும். அடுத்த பூவுக்குப் போகும்போது கொஞ்சம் அங்கே ஒட்டும். காய் பிடிக்கும்.

சாதாரணத் தேனீக்கு இந்தக் குலுக்கல் வித்தை தெரியாது. கத்தரி காற்றில் அசைந்து தானாகவும் காய்க்கும், இல்லையென்று சொல்லவில்லை. வண்டு வந்த செடியில் காய் கூடுதலாகவும் திரட்சியாகவும் பிடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். தக்காளிப் பூவும் இதே ஜாதி. சாலையோரத்திலும் காட்டு ஓரத்திலும் ஊதா நிறத்தில் பூக்குமே செண்டுடுக், அதன் மகரந்தமும் இப்படிக் குலுக்கினால்தான் விழும். கருவண்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செண்டுடுக் புதர் அருகே காலையில் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

மார்க்கிசா கொடியின் கதை வேறு. நம் ஊர்த் தாழ்ந்த நிலத்தில் பெரும்பாலும் வளர்வது மஞ்சள் பழம் தரும் கொடி. அதன் பூ நடுப்பகலில்தான் விரியும். பூவின் மேலே கிரீடம்போல ஐந்து மகரந்தப் பைகள், அவற்றுக்கும் மேலே சூல்முடி. சின்னத் தேனீக்கள் கீழே புகுந்து தேனைக் குடித்துவிட்டு முதுகில் ஒன்றும் படாமல் போய்விடும். வாடகை கொடுக்காமல் குடியிருப்பவர்கள் அவர்கள். கருவண்டு நுழைந்தால்தான் அந்த உயரத்துக்குச் சரியாக அதன் முதுகு உரசும். இன்னொரு விஷயம். ஒரே கொடியின் மகரந்தம் அதே கொடியில் பட்டால் மஞ்சள் மார்க்கிசா காய்க்காது. வேறு விதையிலிருந்து வந்த இரண்டாவது கொடி ஒன்று வேண்டும். 'கொடி வீடு மாதிரி படர்ந்திருக்கு, ஒரு பழம்கூட இல்லையே' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டையும் யோசித்துப் பாருங்கள். இரண்டாம் கொடி இருக்கிறதா? வண்டு வருகிறதா?

வண்டு வராத ஊரில் மனிதன்தான் வண்டாக வேண்டும். மத்தியானம் பூ விரிந்ததும் விரல் நுனியால் ஒரு கொடியின் தூளை எடுத்து இன்னொரு கொடிப் பூவின் சூல்முடியில் தடவ வேண்டும். நான்கு பூவுக்குச் செய்தால் பொழுதுபோக்கு. நானூறு பூவுக்குச் செய்தால் அது கூலி வேலை.

அந்தக் கூலி வேலையை என் அம்மா செய்திருக்கிறார், செம்பனையில். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

1970-களில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது செம்பனைக்குக் காற்றே மகரந்தம் சேர்க்கிறது என்று நம்பினார்கள். ஆனால் இளமரங்களில் குலை சரியாகக் காய்க்காது. பாதி குலை அழுகிப் போகும். ஆகவே ஆள் வைத்துப் பூவுக்குத் தூள் போட்டார்கள். ஆண் பூவைப் பையால் மூடி, தூளை உதிர்த்துச் சேர்த்து, காய வைத்துச் சலித்து, டால்கம் பவுடரோடு கலப்பார்கள். அந்தக் கலவையைப் பெண்கள் கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாய் நடப்பார்கள். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து, முள் மட்டையை விலக்கி, பெண் பூ பக்குவப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெண்மையாய் விரிந்திருந்தால் தூள் அடிக்கலாம்; கறுத்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அந்தப் பக்குவம் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். எனவே அதே மரத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை திரும்பி வர வேண்டும்.

அம்மா மாலையில் லயத்துக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கையிலும் முழங்காலிலும் முள் கீறல். "பூவுக்குப் பவுடர் போட்டுட்டு வரேன், என் மூஞ்சிக்குப் போட ஒரு டப்பா பவுடர் வாங்க முடியல" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த வேலையில் அவருக்குக் கெட்டிக்காரி என்று பெயர். தூரத்திலிருந்தே மணத்தை வைத்துப் பூ பக்குவமா இல்லையா என்று சொல்லிவிடுவார். சோம்பு வாசனைபோல் அடிக்கும் என்பார். அந்த வாசனைக்குள்தான் மிச்சக் கதை ஒளிந்திருந்தது. யாருக்கும் அப்போது தெரியாது.

செம்பனையின் தாய்வீடு ஆப்பிரிக்கா. அங்கே யாரும் தூள் அடிப்பதில்லை; குலை தானாகவே நிறைந்து காய்க்கிறது. இரண்டு நாட்டுத் தோட்டங்களையும் பார்த்திருந்த லெஸ்லி டேவிட்சன் என்பவருக்கு இது உறுத்திற்று. இங்கே இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது, அது பூச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, அரிசி வண்டு அளவே உள்ள ஒரு கூன்வண்டைக் கண்டுபிடித்தார். அது செம்பனையின் ஆண் பூவிலேயே பிறந்து வளர்கிறது. பெண் பூவும் விரியும்போது அதே சோம்பு வாசனையை விட்டுவிட்டு வீசுகிறது. வண்டு ஏமாந்து அங்கே போகிறது. அதன் உடம்பில் ஒட்டிய தூள் பெண் பூவில் சேர்கிறது. மற்றப் பயிர்களைத் தின்னாது என்று சோதித்துப் பார்த்த பிறகு, 1981 பிப்ரவரியில் அந்த வண்டை மலேசியாவில் முதன்முதலாக விட்டார்கள். விட்ட இடம் எது தெரியுமா? நம் குளுவாங்கிலுள்ள மாமோர் தோட்டம்.

ஆகாயத்தில் விட்ட வண்டு தோட்டம் தோட்டமாய்ப் பரவியது. குலைகள் நிறைந்தன. தூள் அடிக்கும் வேலைக்கு அவசியமே இல்லாமல் போனது. இன்று நாடு முழுக்கச் செம்பனையில் காய் பிடிப்பது அந்தச் சின்ன வண்டுகளால். ஆண் பூ விரிந்த மரத்தடியில் நின்றால் பழுப்பு நிறத்தில் மொய்த்துக்கொண்டிருக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

அம்மாவைத் தூள் வேலையிலிருந்து மருந்து அடிக்கும் கூட்டத்துக்கு மாற்றினார்கள். முதுகில் தகரப் பம்பு, புல்லுக்கு அடிக்கும் மருந்து. கைக்கு உறையும் இல்லை, மூக்குக்குத் துணியைத் தவிர வேறு மறைப்பும் இல்லை. பல ஆண்டுகள் அந்த வேலை. கைநகங்கள் கறுத்துப் பெயர்ந்தன. அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். அந்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டை மலேசியா 2002-இல் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுமையாகத் தடை செய்தது. அம்மா அதற்கு வெகு காலம் முன்பே வேலையை விட்டுவிட்டார்.

ஒருமுறை அவரிடம் கேட்டேன்: "ஏம்மா, அந்த வண்டு வந்துதானே உன் வேலை போச்சு. அது மேல கோபமே இல்லையா?"

"அது என்னடி பண்ணும்? அதுக்குச் சோறு எங்க கெடைக்குதோ அங்க போவுது. சம்பளம் கேக்காம வேல செய்யுற ஜீவன். அது கொண்டாந்து சேத்த காசு எங்க போச்சுன்னு கேக்கணும்னா, வண்டக் கேட்டு என்னா பிரயோஜனம்?"

எண்பதைத் தாண்டிய அம்மா இன்றும் என் கத்தரிச் செடிகளுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து கருவண்டைப் பார்க்கிறார். "நம்ம வேலைய எவ்வளவு சுத்தமா செய்யுது பாரு" என்று சக தொழிலாளியைப் பாராட்டுவதுபோல் சொல்வார்.

வேலைக்கு வந்த வண்டால் மனிதருக்கு ஓய்வு கிடைத்த ஊர்களும் உண்டு. ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி வளர்ப்பவர்கள் முன்பெல்லாம் மின்சாரத்தில் அதிரும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பூங்கொத்துகளை ஆளுக்கு ஆள் குலுக்கித் திரிந்தார்கள். 1987-இல் பெல்ஜியத்தில் ஒரு கால்நடை மருத்துவர் அந்தக் குளிர்நாட்டு வண்டைப் பெட்டியில் வளர்த்து விற்கத் தொடங்கினார். குச்சிக்கு வேலை போயிற்று. அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, 1885-இல், இங்கிலாந்திலிருந்து வண்டுகளைக் கப்பலேற்றி நியூசிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். மாட்டுத் தீவனமான சிவப்புக் குளோவர் அங்கே பூத்தும் விதை கட்டாமல் நின்றதுதான் காரணம். கடல் கடந்து கூலிக்கு வந்தவர்கள் நாம் மட்டுமல்ல.

அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கோ கருவண்டு தானாக வருகிறது. அதைக் காப்பாற்றி வைப்பதுதான் நம் பாடு. எங்கள் வீட்டிலேயே அதற்கு ஒரு பெரிய வழக்கு நடந்தது.

பயற்றங்கொடிப் பந்தலுக்கு நட்டிருந்த பழைய மரக்கால் ஒன்றில் மஞ்சள் முதுகுக்காரி ஒருத்தி ஓட்டை போட்டாள். சுண்டுவிரல் நுழையும் அளவு, காம்பஸ் வைத்து வரைந்தாற்போல் வட்டம். கீழே தரையில் மரத்தூள் குவிந்திருந்தது. வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் பந்தல் விழுந்துவிடும், இரும்புக் குழாய் மாற்ற வேண்டும் என்றார். பக்கத்து வீட்டு மருமகள் வேலி ஓரம் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, அது உங்க கட்டையிலேருந்து எங்க வாசலுக்கு வருது. சின்னவன் பயந்து வெளிய வெளையாடவே மாட்டேங்கறான். ஒரு தடவ மருந்து அடிச்சு விட்டுடுங்களேன்."

பயம் நியாயமானது. நம் ஊரில் தெபுவான் கொட்டிச் செத்தவர்கள் உண்டு. பறக்கிற எதைக் கண்டாலும் தாய்க்கு வயிறு கலங்கத்தான் செய்யும். அவளை உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, பந்தலுக்கு எதிரே உட்கார வைத்தேன். அவள் பார்த்தது இதுதான்.

இந்த வண்டுக்குக் கூட்டமோ ராணியோ கிடையாது. ஒவ்வொரு தாயும் தனிக் குடித்தனம். மரத்தை அது தின்பதில்லை. தாடையால் குடைந்து தூளை வெளியே தள்ளுகிறது. உள்ளே நீளமாய் ஒரு வழி. அதன் கடைசியில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஒரு உருண்டை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டை இடும். மரத்தூளை எச்சிலில் குழைத்துச் சுவர் எழுப்பி அந்த அறையை மூடும். பிறகு அடுத்த அறை, அடுத்த உருண்டை, அடுத்த முட்டை. இந்த இனத்தின் முட்டை பூச்சி முட்டைகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. அதனால் எண்ணிக்கை குறைவு. ஒரு கூட்டில் பத்துக்குள்தான் இருக்கும். பிள்ளைகள் வெளியே வந்த பின்னும் கொஞ்ச நாள் தாயோடு அதே வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும். தாய் மகரந்தம் கொண்டுவந்து ஊட்டும். ஈ, கொசுபோல நூற்றுக்கணக்கில் பெருகும் சாதி இல்லை இது. ஒரு தாயை மருந்தடித்துக் கொன்றால் ஒரு குடும்பம் போயிற்று.

"இதுக்கும் பிள்ளைக்கு ஊட்டுற வேலையா?" என்றாள் அந்தப் பெண். அன்றைக்கு மருந்துப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் பயம் ஒரு காப்பியில் தீர்ந்துவிடாது. அதற்கு வேறு வழி செய்தோம். வீட்டுக்காரர் பட்டுப்போன ரம்புத்தான் கிளை ஒன்றை, நல்ல பருமனாய், கை நீளத்துக்கு வெட்டினார். வாய்க்கால் பக்கம் மழை படாதபடி ஒரு தகரத்தின் கீழே, தரையிலிருந்து நெஞ்சு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். முதல் சில மாதங்கள் யாரும் குடிவரவில்லை. மறு ஆண்டு பெரிய கருவண்டு ஒன்று அதில் ஓட்டை போட்டது, பிறகு இன்னொன்று. பந்தல் காலில் இருந்த குடும்பம் காலி செய்த பிறகு அதை எடுத்துவிட்டு இரும்புக் குழாய் நட்டோம். இப்போது பக்கத்து வீட்டுச் சின்னவன் வேலி ஓரம் வந்து, "பாட்டி, இன்னைக்கு எத்தன வந்துச்சு?" என்று கேட்கிறான். அவன் அம்மா இன்னும் கிட்டே வரமாட்டாள். ஆனாலும் அவள் வீட்டு எலுமிச்சைக்கு மருந்து அடிப்பதென்றால் பொழுது சாய்ந்தபின் அடிக்கிறாள். அது போதும்.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். செலவு ஒன்றுமில்லை.

காய்ந்த, பெயிண்ட் அடிக்காத கட்டை ஒன்றை மழை படாத இடத்தில் வையுங்கள். வீட்டு உத்தரத்திலோ ஜன்னல் கட்டையிலோ குடைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அந்த மரத்துக்குப் பெயிண்ட் அடித்து வையுங்கள். பெயிண்ட் அடித்த மரத்தை அது பெரும்பாலும் விரும்புவதில்லை. பட்ட மரமெல்லாவற்றையும் வெட்டி எரித்துவிடாமல், ஆபத்தில்லாத மூலையில் ஒன்றை விட்டு வையுங்கள்.

இரண்டாவது, ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பூ இருக்கட்டும். கத்தரியும் பயறும் ஓய்ந்த மாதத்தில் வண்டு பட்டினி கிடக்கக் கூடாது. துளசி, கிலுகிலுப்பை, வேலியில் கொடி ரோஜா, வாசலில் செண்டுடுக். தோட்டத்துச் சாலையோரங்களில் மஞ்சளும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூச்செடி நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு நட்டதல்ல அது. செம்பனை மட்டையை அரிக்கும் உலாட் புங்குஸ் புழுவைக் கொல்லும் சின்னக் குளவிகளுக்குத் தேன் வேண்டும் என்றுதான் அவற்றை நடுகிறார்கள். நிர்வாகத்துக்குத் தெரிந்த அந்த உபாயம் நம் வாசலுக்கும் ஆகும்.

மூன்றாவது, மருந்து. அடிக்காமல் இருந்தால் உத்தமம். அடித்தே ஆக வேண்டுமென்றால் பூவின்மேல் அடிக்காதீர்கள், காலையில் அடிக்காதீர்கள். வண்டுகள் கூட்டுக்குத் திரும்பிய பின் அந்தி நேரத்தில், நோய் கண்ட இலைக்கு மட்டும் அடியுங்கள்.

நான்காவது, ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். தனியாய் வந்து பூவைக் குடைவது கருவண்டு, விட்டுவிடலாம். கொசு அளவில் சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் கட்டி வாழ்வது கெலுலுட் என்னும் கொசுத்தேனீ. அதற்குக் கொட்டவே தெரியாது. அதன் புளிப்புத் தேனுக்கு 2017-இல் மலேசியா தனியாய்த் தர நிர்ணயமே செய்திருக்கிறது. ஆனால் காகிதம்போன்ற பெரிய கூடு, அதில் வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட குளவி என்றால் அது தெபுவான். கல் எறிவதோ கிட்டே புகை போடுவதோ வேண்டாம். பிள்ளைகளை விலக்கி வைத்துவிட்டு, பொதுத் தற்காப்புப் படையினரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எந்தச் செடி, எத்தனை மணி, எத்தனை வண்டு என்று தினம் பத்து நிமிஷம் பார்த்து எழுதட்டும். எங்கள் நோட்டில் ஒரு விஷயம் தெளிவாய்த் தெரிந்தது. சுற்றிலும் புகை மருந்து அடித்த வாரங்களில் வண்டு எண்ணிக்கை விழுந்து, பிறகு மெல்ல ஏறியது. கொசுவுக்குப் புகை அடிப்பது டெங்கிக்காக. அதை வேண்டாமென்று சொல்ல முடியாது. தண்ணீர் தேங்கும் டப்பாவை நாமே கவிழ்த்து வைத்தால் புகைக்கு அவசியம் குறையும் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் என் பேத்தி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் அவளுக்கு எப்போதோ நடத்தியாகிவிட்டது. வண்டை எண்ணிய பிறகுதான் அது மனத்தில் ஏறியது.

நம் பாட்டன்மார் காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். நம் பெற்றோர் பூவுக்குத் தூள் அடித்தார்கள், புல்லுக்கு மருந்து அடித்தார்கள். அவர்கள் வியர்வையில் விளைந்ததெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போயிற்று. நம் வீட்டுப் பின்கட்டில் விளைகிற நான்கு கத்தரிக்காயாவது நம் பிள்ளைகளுக்கு விஷமில்லாமல் கிடைக்கட்டும். அதற்கு உதவ ஒரு தொழிலாளி தயாராக இருக்கிறாள். சம்பளம் வேண்டாம், சோறு வேண்டாம். குடியிருக்க ஒரு காய்ந்த கட்டை போதும் என்கிறாள். லயத்தில் ஓர் அறைக்காக எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறோம் என்று தெரிந்த நாம், அந்த ஒரு கட்டையை இல்லையென்று சொல்லலாமா?